கம்பனி வளரலாம், நமது பங்கு வளருமா? சிறு முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டியவை

அண்மைக் காலமாக நமது ஊர்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "நல்ல தொழில்நுட்பக் கம்பனி ஒன்று. வேகமாக வளர்கிறது. இப்போது பங்கு மலிவு. நாளை பங்குச் சந்தைக்கு வந்தால் பத்து மடங்கு கிடைக்கும்." ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், கல்யாண வீடுகளிலும், குடும்ப வட்ஸ்அப் குழுமங்களிலும் இதே கதைதான். கணக்குத் துறையில் இருப்பவன் என்பதால் "காசு போடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு.

கேட்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துச் சேர்த்த காசு, பெட்டியில் இருந்தபடியே பெறுமதி இழந்ததை எல்லோரும் கண்டோம். வட்டி வேண்டாம் என்று நிலையான வைப்பைத் தவிர்க்கும் குடும்பத்துக்கு காணி, தங்கம், கடை, இஸ்லாமிய வங்கியின் முழாரபாக் கணக்கு என்று சில வழிகளே உள்ளன. ஐந்து இலட்சத்துக்குக் காணியும் வராது, கடையும் வராது. அந்த நேரத்தில் "பங்குதாரராகுங்கள்" என்ற அழைப்பு வந்தால் மனம் சாய்வது இயல்பு. அதுவும் பங்குடைமை என்பது மார்க்கம் வெறுக்கும் ஒன்றல்ல.

எந்தக் கம்பனியையும் வாங்கச் சொல்வதோ வேண்டாம் என்பதோ இக்கட்டுரையின் நோக்கமல்ல. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். "கம்பனி வளருமா?" என்று எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அது வளர்ந்தால், அந்த வளர்ச்சி எந்த வழியாக என் கைக்கு வரும்?"

முதலில், நாம் வாங்குவது என்ன?

"பங்கு" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு பொருட்கள் நம்மிடம் விற்கப்படுகின்றன.

முதலாவது, கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியின் பங்கு. நமது நாட்டுத் தொழில்நுட்பக் கம்பனிகளும் அங்கே வந்திருக்கின்றன. மனிதவள மென்பொருள் தயாரிக்கும் எச்செனிட் பிஸ்னஸ் சொலூஷன்ஸ் 2021 இறுதியில் ஒரு பங்கை 12 ரூபா 50 சதத்துக்குப் பொதுமக்களுக்கு வழங்கியது. பிக்மீ செயலியை நடத்தும் டிஜிட்டல் மொபிலிட்டி சொலூஷன்ஸ் லங்கா 2024இல் பட்டியலுக்கு வந்தது. இத்தகைய பங்கை வாங்க தரகர் ஒருவர் மூலம் மத்திய வைப்புத் திட்டக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். பங்கு உங்கள் பெயரிலேயே பதிவாகும். காலாண்டுக் கணக்கு வெளியாகும். விலையை எவரும் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு இச்சந்தையைக் கண்காணிக்கிறது. விலை விழாது என்பதற்கு இவை உத்தரவாதமல்ல. ஆனால் வாங்கிய பொருள் எது, அது எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது, தனியார் கம்பனியின் பங்கு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனியொன்று தனது பங்குகளைப் பொதுமக்களுக்கு வழங்க முன்வர முடியாது. ஊழியர்கள் நீங்கலாக அதன் பங்குதாரர்கள் 50 பேருக்கு மேற்படவும் கூடாது. ஆகவே முகநூலில் விளம்பரம் செய்தும், வட்ஸ்அப்பில் படிவம் அனுப்பியும் நூற்றுக்கணக்கானோருக்குத் தனியார் கம்பனிப் பங்கு விற்கப்படுகிறது என்றால், கம்பனி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னரே அங்கே ஒரு பிழை இருக்கிறது.

மூன்றாவது, பெயரில் மட்டும் பங்கு. "இத்தனை இலட்சம் போட்டால் மாதம் இவ்வளவு இலாபம், எப்போது கேட்டாலும் முதல் திரும்பத் தருவோம்" என்பார்கள். இது பங்கே அல்ல. கம்பனிச் சட்டப்படி பங்கிலாபம் என்பது, பணிப்பாளர் சபை கம்பனியின் கடன் தீர்க்கும் ஆற்றலைப் பார்த்து முடிவு செய்த பிறகே கொடுக்கப்படுவது. மாதம் தவறாமல் ஒரே தொகை வருகிறதென்றால் அது வைப்புக்கு ஒப்பானது. பொதுமக்களிடம் வைப்புத் திரட்ட 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிட்டால் தரகு கிடைக்கும் என்றால் விடயம் இன்னும் மோசம். வங்கித்தொழில் சட்டம் தடைசெய்யும் பிரமிட் திட்டம் அதுதான். மத்திய வங்கி 2023இல் பெயர் குறிப்பிட்டு எச்சரித்தவற்றில் ஒன்மெக்ஸ் டிடி, எம்டிஎஃப்இ ஆகியனவும் இருந்தன. இரண்டுமே தொழில்நுட்பம் என்ற போர்வையில்தான் ஊர்களுக்குள் வந்தன.

மூன்றாவது வகையில் யோசிக்க எதுவுமில்லை. ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இனி நான் எழுதுவதெல்லாம் உண்மையான கம்பனி, உண்மையான பங்கு என்ற முதல் இரண்டு வகைகளைப் பற்றியே. ஏனென்றால் மோசடி எதுவும் இல்லாத இடத்திலும் சிறு முதலீட்டாளர் நட்டப்படுவதுண்டு.

ஒரு சிறு கணக்கு

ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு மென்பொருள் கம்பனியின் ஆண்டு வருமானம் 2 கோடி ரூபா. இன்னும் இலாபம் இல்லை. மொத்தம் 40 இலட்சம் பங்குகள். ஒரு பங்கு 100 ரூபா என்று விற்கிறார்கள். அப்படியென்றால் முழுக் கம்பனிக்கும் 40 கோடி ரூபா விலை சொல்கிறார்கள். அதாவது வருமானத்தைப் போல் 20 மடங்கு. நீங்கள் ஐந்து இலட்சம் கொடுத்து 5,000 பங்குகள் வாங்குகிறீர்கள்.

கம்பனி நன்றாகவே வளர்கிறது. வருமானம் மூன்று தடவை இரட்டிப்பாகி 16 கோடியாகிறது. செலவு போக 20 வீதம் இலாபம் நிற்கிறது என்று வைத்தால் ஆண்டு இலாபம் 3 கோடி 20 இலட்சம். வளர்ச்சி நிதானமடைந்த அந்தக் கட்டத்தில் வாங்க வருபவர் இலாபத்தைப் போல் 12.5 மடங்கு விலை தருகிறார் என்று கொள்வோம். கம்பனியின் பெறுமதி 40 கோடி. நீங்கள் வாங்கிய அன்று இருந்த அதே 40 கோடி! கம்பனி எட்டு மடங்கு வளர்ந்துவிட்டது. உங்கள் ஐந்து இலட்சம் ஐந்து இலட்சமாகவே நிற்கிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. எட்டு மடங்கு வளர்வதற்குக் காசு வேண்டும். அதற்காக இடையில் 10 இலட்சம் புதிய பங்குகளை வெளியிட்டிருப்பார்கள். இப்போது மொத்தம் 50 இலட்சம் பங்குகள். 40 கோடியை அதனால் வகுத்தால் ஒரு பங்கு 80 ரூபா. உங்கள் ஐந்து இலட்சம் நான்கு இலட்சமாகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, கம்பனியும் தோற்கவில்லை. வளர்ச்சிக்கான விலையை முதல் நாளே முழுமையாகக் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதில் உள்ள எண்களை மாற்றினால் விடையும் மாறும். இலாப வீதம் கூடினால், அல்லது 100 ரூபாவுக்குப் பதிலாக 20 ரூபாவுக்கு வாங்கியிருந்தால், இதே பங்கு நல்ல முதலீடு. ஆகவேதான் "வேகமாக வளர்கிறது" என்ற வார்த்தை மட்டும் போதாது என்கிறேன். மொத்தப் பங்குகள் எத்தனை, முழுக் கம்பனிக்கும் என்ன விலை சொல்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் கேட்டு, இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களையும் சொல்ல மறுப்பவரிடம் வாங்க ஒன்றுமில்லை.

யோசனை சரியாக இருந்தும் கம்பனி அழிந்ததுண்டு. இணையத்தில் மளிகைச் சாமான் வாங்கி வீட்டுக்கு அனுப்பும் தொழிலை அமெரிக்காவில் பெரிய அளவில் தொடங்கிய வெப்வேன், 1999 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்து 2001 ஜூலையில் வங்குரோத்தானது. இன்று உலகமெங்கும் அந்தத் தொழில் நடக்கிறது. ஆனால் வெப்வேன் பங்கை வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. வென்ற கம்பனியிலும் சோதனை உண்டு. அமேசன் பங்கின் விலை 1999 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2001இல் 90 வீதத்துக்கும் மேல் விழுந்தது. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுத்தன. மகளின் கல்யாணத்துக்காக வைத்த காசு பத்து ஆண்டுகள் காத்திருக்குமா என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம்?

பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வளரும் கம்பனியில் காசு போடும்போது சாதாரணப் பங்கை வாங்குவது குறைவு. முன்னுரிமைப் பங்கை வாங்குகின்றன. கம்பனி விற்கப்பட்டால் முதலில் அவர்கள் போட்ட காசு திரும்பும். மிஞ்சினால்தான் சாதாரணப் பங்குதாரருக்கு.

இதன் விளைவைக் காட்ட ஃபேன்டூவல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை போதும். அது சூதாட்டத் துறையைச் சேர்ந்தது. நாம் தொடக்கூடிய பங்கல்ல. ஆனால் பாடம் எல்லாக் கம்பனிகளுக்கும் பொருந்தும். 2018இல் அது இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டபோது அதன் பெறுமதி 465 மில்லியன் டொலர் என்று கணிக்கப்பட்டது. முன்னுரிமைப் பங்குதாரர்களுக்குச் சேர வேண்டியதே அதைவிட அதிகமாக இருந்ததால், கம்பனியை உருவாக்கியவர்களுக்கும் சாதாரணப் பங்கு வைத்திருந்த ஊழியர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. உருவாக்கியவருக்கே அந்த நிலை என்றால் ஐந்து இலட்சம் போட்டவரின் நிலை என்ன?

இலாபத்திலோ கலைப்பின்போதோ சிலருக்குப் பண முன்னுரிமை தரும் பங்குகளை வெளியிடுவதை, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியமங்களை வகுக்கும் அயோஃபி அமைப்பும் அனுமதிப்பதில்லை. எனவே "முன்னுரிமைப் பங்குகள் இருக்கின்றனவா?" என்ற கேள்வி, காசுக்காகவும் கேட்க வேண்டியது, மார்க்கத்துக்காகவும் கேட்க வேண்டியது.

வெளியே வரும் வழி

பங்கை வாங்குவது இலகு. விற்பதற்கு வாங்குபவர் ஒருவர் வேண்டும். தனியார் கம்பனிப் பங்குக்குச் சந்தை இல்லை. பெரும்பாலும் மற்றப் பங்குதாரர்களோ பணிப்பாளர்களோ சம்மதிக்காமல் கைமாற்றவும் முடியாது. "சந்தைக்கு வரும்போது விற்கலாம்" என்கிறார்கள். சந்தைக்கு வருவேன் என்று சொன்ன கம்பனிகள் எல்லாம் வந்துவிடுவதில்லை. இந்தியாவின் பைஜூஸ் நிறுவனத்தை 2022இல் 22 பில்லியன் டொலர் பெறுமதி என்றார்கள். கட்டார் உலகக் கிண்ணத்தில் அதன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சந்தைக்கு வராமலே 2024இல் அது வங்குரோத்து வழக்கில் சிக்கியது.

பட்டியலிட்ட பங்கிலும் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து நாட்களுக்குக் கொழும்பு பங்குச் சந்தையே மூடப்பட்டது. அவசரத்துக்கு விற்க நினைத்தவர்களுக்கு அன்று வழியிருக்கவில்லை.

மார்க்கம் எங்கே கோடு போடுகிறது?

"எதிர்காலம் தெரியாத பங்கில் காசு போடுவது சூதாட்டம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஆலிம் அல்லன். கற்றவர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். நட்டம் வரலாம் என்பதால் மட்டும் ஒரு வியாபாரம் ஹராமாகாது. வியாபாரம் என்றாலே நட்டத்துக்கும் இடமுண்டு. இலாபத்தை விரும்புபவர் நட்டத்தையும் சுமக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. முதலுக்கும் உத்தரவாதம், மாதம் இவ்வளவு என்று நிச்சயித்த இலாபமும் உண்டு என்றால்தான் அது வட்டியின் பக்கம் போகிறது. மேலே சொன்ன மூன்றாவது வகையை நாட்டுச் சட்டமும் தடுக்கிறது, ஷரீஆவும் தடுக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன.

இன்னொன்று கரர். வாங்கும் பொருள் என்னவென்று தெரியாமல் வாங்குவது. எத்தனை பங்குகள், என்ன வகைப் பங்கு, யார் பெயரில் என்று எதுவும் தெரியாமல் காசைக் கொடுப்பது இந்த இடத்துக்கு வந்துவிடுகிறது என்பது என் கருத்து. கேட்டால் தெரிந்துகொள்ளக் கூடியதைக் கேட்காமல் விடுவதற்கு தவக்குல் என்று பெயர் வைக்கக் கூடாது.

"மென்பொருள் கம்பனி, சாராயமும் இல்லை, பன்றியும் இல்லை, ஹலால்தான்" என்று முடித்துவிடுவதும் அவசரமே. அயோஃபி நியமப்படி, கம்பனியின் அடிப்படைத் தொழில் ஆகுமானதாக இருப்பதோடு, வட்டிக் கடனும் வட்டிக்கு வைத்த வைப்பும் தனித்தனியே சந்தைப் பெறுமதியின் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகாத வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தின் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. வளரும் தொழில்நுட்பக் கம்பனி தடுக்கி விழுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். முதலீட்டாளரிடம் திரட்டிய பெருந்தொகையை செலவழியும் வரை நிலையான வைப்பில் போட்டு வைப்பார்கள். தொழில் வருமானம் சிறிது, வட்டி வருமானம் பெரிது. தொழில் ஹலாலாக இருந்தும் 5 வீத எல்லை தாண்டிவிடும். எனவே ஆண்டறிக்கையில் "நிதி வருமானம்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பட்டியலிட்ட கம்பனிகளுக்கு ஷரீஆவுக்கு இயைந்தவை என்ற வெள்ளைப் பட்டியல்கள் இருக்கின்றன. அவை காலத்துக்குக் காலம் மாறுபவை. சந்தைப் பெறுமதி இல்லாத தனியார் கம்பனிக்கு இந்த வீதங்களை எப்படிக் கணிப்பது என்பதை இத்துறை தெரிந்த ஆலிமிடம்தான் கேட்க வேண்டும்.

ஒருவர் பெயரில் நாற்பது பேர்

நமது சமூகத்தில் அதிகம் நடப்பதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். தனியார் கம்பனிக்கு 50 பேர் என்ற எல்லை இருப்பதால், ஊரில் நம்பிக்கையான ஒருவர் நாற்பது பேரிடம் காசு சேர்த்துத் தன் பெயரில் பங்கு வாங்குகிறார். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர், ஹாஜியார், நல்ல மனிதர். எழுத்து எதுவும் இல்லை. "அவர் ஏமாற்றுவாரா?" என்று கேட்பதே மரியாதைக் குறைவாகத் தெரிகிறது.

அவர் ஏமாற்றமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அவர் வஃபாத்தானால்? கம்பனியின் பங்குப் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர் மட்டும். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறந்தோர் சொத்துரிமைக் கட்டளைச் சட்டப்படி அவருடைய சொத்து அவரின் வாரிசுகளுக்குப் போகும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அந்த நாற்பது பேரைத் தெரியுமா? மகன் நல்லவராகவே இருந்தாலும், யாருடைய பங்கு எவ்வளவு என்று எதை வைத்துத் தீர்ப்பார்? ஒரு நல்ல மனிதரின் ஜனாஸா வீட்டில் காசுச் சண்டை வருவதற்கு நாமே வழி செய்து வைத்திருக்கிறோம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. கூட்டாகத்தான் வாங்குவது என்றால் சட்டத்தரணி ஒருவர் மூலம் ஒப்பந்தம் எழுதி, ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் பங்கும் குறித்து, எல்லோரும் பிரதி வைத்திருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு நல்லவரானாலும் அவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. கம்பனியின் பதிவிலக்கம் என்ன? கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு இருப்பது கம்பனி நல்லது என்பதற்குச் சான்றல்ல. ஆனால் பதிவு இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

2. பங்கு யார் பெயரில் பதிவாகும்? புதிய பங்கு வெளியிட்டதைப் பதிவாளருக்கு அறிவித்த படிவத்தின் பிரதியைத் தருவார்களா?

3. மொத்தப் பங்குகள் எத்தனை? முன்னுரிமைப் பங்குகள் உண்டா?

4. கணக்காய்வு செய்த கடைசி இரண்டு ஆண்டுக் கணக்குகள் எங்கே? காசு வருவது வாடிக்கையாளரிடமிருந்தா, புதிய முதலீட்டாளரிடமிருந்தா?

5. என் காசு கம்பனிக்குப் போகிறதா, அல்லது பழைய பங்குதாரர் ஒருவர் தன் பங்கை என்னிடம் விற்றுவிட்டு வெளியேறுகிறாரா?

6. கையில் இருக்கும் காசு எத்தனை மாதச் செலவுக்குப் போதும்?

7. நான் விற்க விரும்பினால் யாரிடம், என்ன விலைக்கு, யாருடைய சம்மதத்தோடு விற்க வேண்டும்?

ஐந்தாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. உள்ளே இருப்பவர் வெளியேறும் கதவு வழியாகத்தான் நாம் நுழைகிறோமா என்பதை அது காட்டிவிடும்.

எவ்வளவு போடலாம்?

இப்படியான பங்கில் போடும் தொகை, முழுவதும் போனாலும் வீட்டு அடுப்பு அணையாத தொகையாக இருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான காசு தனியே இருக்கட்டும். நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ, சீட்டுக் காசை எடுத்தோ போடக் கூடாது. குமர் காரியத்துக்கும் ஹஜ்ஜுக்கும் ஒதுக்கிய காசை இதில் கொண்டுபோய்ச் சிக்க வைக்க வேண்டாம். அனாதைகளின் சொத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் அந்தக் காசை இங்கே கொண்டுவரவே கூடாது. அது அமானத். மிஞ்சியிருப்பதில் ஒரு சிறு பங்கு, அதையும் ஒரே கம்பனியில் போடாமல் பிரித்துப் போடுவது நல்லது. கொழும்பு பங்குச் சந்தையில் சில ஆயிரம் ரூபாவுடனும் தொடங்கலாம். காலாண்டறிக்கை வாசிக்கப் பழக அது போதும்.

நமது பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் படித்துச் சொந்தக் கம்பனி தொடங்குகிறார்கள். அவர்களுக்கு முதல் வேண்டும். அதை வட்டியில்லாமல் சமூகத்துக்குள்ளிருந்தே கொடுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது என்ன? ஆனால் ஒவ்வொரு ஏமாற்றத்தோடும் ஊரின் நம்பிக்கை வற்றுகிறது. அடுத்து வரும் நேர்மையான இளைஞனுக்கும் கதவு மூடப்படுகிறது. காசு கேட்பவர் கணக்கைத் திறந்து காட்டுவதும், கொடுப்பவர் கூச்சமின்றிக் கேள்வி கேட்பதும் அந்த இளைஞனுக்குச் செய்யும் உதவிதான்.

நமது கொடுக்கல் வாங்கல்களை அல்லாஹ் ஹலாலானதாகவும் பரக்கத் பொருந்தியதாகவும் ஆக்குவானாக.